2024ஆம் ஆண்டுக்கான சங்கச் செயலாளர் அறிக்கை (2025 பெப்ரவரி 8 கூட்டத்தில் வாசித்தது)

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, இன்று வந்திருக்கும் அங்கத்தவர்களே, இதை மின்னஞ்சலில் வாசிக்கப் போகும் வராத அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா ஜனவரியில் வழமைபோல நடந்தது. கோடைகால ஒன்றுகூடலில் மழையால் கயிறிழுத்தல் மட்டும் கைவிடப்பட்டது. வாணிவிழா ஒக்டோபரில் நடந்தது. நிர்வாகசபை ஏழு தடவை கூடியது. அதில் இரண்டு தடவை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை) இல்லாமல் தேநீரோடு கலைந்தோம். ஆண்டுக்குள் நம்மைப் பிரிந்த இரு மூத்த அங்கத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனிக் கடிதத் திட்டம். இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டம் கரைதுறைப்பற்றுப் பிரிவில் இரண்டு பாடசாலைகளைச் சேர்ந்த 26 பிள்ளைகளின் படிப்புச் செலவை கனடாவில் ஸ்காபரோவில் உள்ள நம் 26 குடும்பங்கள் பொறுப்பேற்றிருக்கின்றன. மாதக் காசு ஒழுங்காகப் போகிறது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குக் கடிதம்தான் ஒழுங்காகப் போவதில்லை. ஆண்டுக்கு மூன்று கடிதம் என்று பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி ஏற்றுக்கொண்ட விடயம் இது. பெப்ரவரித் தொகுதியில் 19 கடிதம் வந்தது, ஜூலையில் 14, நவம்பரில் 22. நவம்பரில் 22 ஆனது செயலாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்ததால்.

அந்த நவம்பர்த் தொகுதி பிந்தியது பற்றி வட்ஸ்அப் குழுவில் நிறையப் பேசப்பட்டது. அதனால் திகதிகளை இங்கே பதிவு செய்கிறேன். கடிதம் தரக் கடைசி நாள் ஒக்டோபர் 25. அன்று கையில் இருந்தவை ஆறு. மீதி 16 கடிதங்களும் நவம்பர் 9ஆம் திகதிக் கூட்டத்துக்குத்தான் வந்தன. 12ஆம் திகதி நான் தபாற்கந்தோரில் கொடுத்தேன். கனடா அஞ்சல் தொழிற்சங்கம் வேலைநிறுத்த அறிவித்தல் கொடுத்ததும் அதே நாள். 15ஆம் திகதி நாடு முழுவதும் நின்ற அஞ்சல் டிசம்பர் 17 வரை அசையவில்லை. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கான க.பொ.த. உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கியது. பரீட்சைக்கு முன் கையில் கிடைக்க வேண்டும் என்று நான்கு பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் இங்கேயே ஏதோ ஒரு சாக்குக்குள் கிடந்தன. ஒக்டோபர் 25ஆம் திகதியே எல்லாம் வந்திருந்தால் அவை அங்கே போய்ச் சேர்ந்திருக்கக்கூடும்.

ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்ப முன் ஸ்கான் செய்து வைப்பது வீண்வேலை என்று சென்ற ஆண்டு சொல்லப்பட்டது. அந்தப் பிரதிகள் இருந்தபடியால்தான் 21ஆம் திகதி நான்கு உயர்தரக் கடிதங்களையும், அங்கே இத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாசிரியைக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப முடிந்தது. அவர் கொமினிகேசன் கடையில் பிரதி எடுத்து, பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிறகு வந்த மழையாலும் வெள்ளத்தாலும் பரீட்சையே 27ஆம் திகதியிலிருந்து இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4இல்தான் மீண்டும் தொடங்கியது. பிரதி எடுத்த செலவுக்கு முன் அனுமதி பெறவில்லை என்ற ஆட்சேபம் கூட்டக்குறிப்பில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

நான்கில் ஒன்று மட்டும் வாசிக்க முடியாமல் போனது. அதை எழுதியவர் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வேர்ட் கோப்பாகவே தந்திருந்தார், நானும் அப்படியே அனுப்பிவிட்டேன். கடைக்காரரின் கணினியில் பாமினி இல்லை. தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு பக்கம் அச்சாகி வந்தது. தட்டச்சு செய்பவர்கள் யூனிகோட்டில் செய்யுங்கள். பாமினிதான் கைப்பழக்கம் என்றால் பிடிஎஃப் ஆக்கித் தாருங்கள். கையால் எழுதுவது எல்லாவற்றிலும் நல்லது, பிள்ளை வைத்துக்கொள்வதும் அதைத்தான்.

அனுப்பும் முறை பற்றி ஒவ்வொரு தடவையும் சொல்வதை இம்முறை எழுத்திலேயே தருகிறேன். கடிதத்தை மடித்து, உறையில் போட்டு ஒட்டித் தராதீர்கள். எல்லாக் கடிதமும் ஒரே பெரிய உறையில் போகின்றன. அதற்குத் தடிப்பு எல்லை 20 மில்லிமீற்றர், நிறை எல்லை 500 கிராம். ஒட்டிய 22 உறைகளை அடுக்கினால் நிறையில் தப்பினாலும் தடிப்பில் மாட்டும். மடிக்காத தாள் என்றால் ஐம்பது தாளும் ஐந்து மில்லிமீற்றருக்குள் அடங்கும்; தாளுக்கு நாலரைக் கிராம்படி நிறையும் பாதிதான். பின்புறம் மூலையில் பிள்ளையின் முதற்பெயரையும் தரத்தையும் பென்சிலால் குறியுங்கள். ஸ்கான் செய்யும்போது தாள்கள் மாறுவது இது இல்லாததால்தான். ஜெல் பேனா வேண்டாம். ஒக்டோபரிலிருந்து அங்கே மாரி, ஈரம் பட்டால் மை ஊறிவிடும். படம் ஒன்று போதும். அதில் யார் யார் என்று பின்னால் எழுதுங்கள். புதுக் காருக்கு முன்னால் எடுத்த படம் வேண்டாம். ஒட்டுப்படம், அழிறப்பர், பென்சில் எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் அது கடிதம் இல்லை, பொருள். சுங்கப் படிவம் கேட்பார்கள், 26 பிள்ளைகளின் கடிதமும் அந்த ஒரு அழிறப்பருக்காகக் காத்திருக்கும். காசுத்தாளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன், ஜூலையில் ஒன்று இருந்தது. உரியவரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று.

"செயலாளர் ஏன் எங்கள் கடிதத்தை வாசிக்கிறார்?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முகவரி, தொலைபேசி இலக்கம், பேஸ்புக் பெயர் இருந்தால் வெட்டுவதற்காக. பிள்ளையின் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, உங்களுடையதுக்கும்தான். "படித்து முடி, கனடாவுக்குக் கூப்பிடுகிறேன்" என்ற வரிகளை எடுப்பதற்காகவும். இந்த ஆண்டு அப்படி மூன்று வந்தன. எழுதினவர் அடுத்த கிழமையே மறந்துவிடுவார். அங்கே ஒரு குடும்பம் அதை வைத்துப் பிள்ளையின் படிப்பையே தீர்மானிக்கும்.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். தரம் 5இல் இருக்கும் பிள்ளைக்குப் பத்து வயது. நமது கடிதங்கள் இன்னும் அவர்களிடம் யுத்தத்தைப் பற்றித்தான் கேட்கின்றன, "நீங்கள் பட்ட துன்பம்" என்றுதான் தொடங்குகின்றன. அது அவர்களின் தாய் தகப்பன் பட்டது. தகப்பன் என்ன செய்கிறார் என்றும் கேட்காதீர்கள். பதில் எழுத முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று முறைப்பாடு உண்டு. உண்மைதான். "அன்புள்ள மாமாவுக்கு, நான் நலம். நீங்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். உங்கள் உதவிக்கு நன்றி." ஆசிரியை கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் பார்த்து எழுதினது. ஆனால் ஜூலைக் கடிதங்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கரும்பலகைப் பதில் வந்த இடத்திலெல்லாம் நாம் அனுப்பியதும் கரும்பலகைக் கடிதம்தான்: நன்றாகப் படி, பெரியோர் சொல் கேள், உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறோம். பிள்ளை இதற்கு என்ன பதில் எழுதும்? ஒரு அன்ரி மட்டும், "நந்திக்கடலில் இறால் பிடிப்பதாகப் போன தடவை எழுதினீர், பிடித்ததை எதற்குள் போட்டு வைப்பீர்கள்?" என்று கேட்டிருந்தா. அதற்கு ஒன்றரைப் பக்கம் பதில் வந்தது. அடியில் பென்சிலால் ஒரு பறி, அதாவது பிடித்ததைப் போடும் கூடை, கீறி, வாய் எது, இறால் திரும்பி வர முடியாதது ஏன் என்று அம்புக்குறி போட்டிருந்தது. எழுத்துப்பிழை ஒன்பது. ஆசிரியை ஒன்றையும் திருத்தவில்லை.

ஆகவே முதல் வரியில் பிள்ளை கேட்டதற்குப் பதில். பிறகு உங்கள் நாளிலிருந்து ஒரே ஒரு விடயம். பனி தள்ளுவது போதும், அதற்கு எந்த நேரம் எழும்புவீர்கள் என்றும் எழுதுங்கள். ஊக்கம் சொல்வதாக இருந்தால் பிள்ளை எழுதின ஏதாவது ஒன்றைப் பிடித்துச் சொல்லுங்கள்: "பின்னக் கணக்கு விளங்கவில்லை என்று எழுதினீர், கூட்டலா பெருக்கலா கஷ்டம்?" கடைசியில் ஒரு கேள்வி, வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதக்கூடியதாக. சின்ன வகுப்புக்கு எழுத்தைப் பெரிதாக, பன்னிரண்டு வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். பிள்ளையை 'நீர்' என்றே எழுதலாம். 'நீங்கள்' என்றால் திணைக்களக் கடிதம் மாதிரி இருக்கும்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக் கூகிளில் மாற்றித் தந்தவை ஐந்து. ஒன்றில் "நல்ல வேலையைத் தொடருங்கள்" என்று இருந்தது. தரம் 4 பிள்ளை "என்ன வேலை?" என்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறது. அவர்கள் நாலு சின்ன ஆங்கில வசனத்தை அச்செழுத்தில் எழுதட்டும், அங்கே அதையும் விருப்பத்தோடு எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். கீழே தமிழை அம்மம்மாவோ அப்பப்பாவோ எழுதட்டும்.

தரம் 5 புலமைப்பரிசில் எழுதிய ஐந்து பிள்ளைகள் பற்றி: செப்டெம்பர் 15இல் பரீட்சை முடிந்தது, முதலாம் வினாத்தாளில் மூன்று கேள்விகள் முன்னரே வெளியானதால் விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் முழுப்புள்ளி என்று முடிவாகி, பெறுபேறு 2025 ஜனவரி 23இல்தான் வந்தது. அதற்கிடையில் "எத்தனை புள்ளி?" என்று கேட்டுப் போன நவம்பர்க் கடிதங்கள், வேலைநிறுத்தத்தின் புண்ணியத்தால், பெறுபேறு வந்த அதே கிழமையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த மூன்று பிள்ளைகளுக்கும் அடுத்த கடிதத்தில் புள்ளியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சந்தா: பதிவில் 61 குடும்பங்கள், கட்டியவை 38. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. கொத்துரொட்டி வரிசையில் நின்றவர்கள் 61 குடும்பத்துக்கும் அதிகம் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். கணக்குவழக்கில் கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. மண்டப வாடகை கூடியதும் அதற்கு ஒரு காரணம். விபரத்தைப் பொருளாளர் சொல்வார்.

தலைவர், பொருளாளர், உபதலைவர்கள், சமையற்குழு, ஒலியமைப்புக்கு உதவிய இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி. அங்கே ஊதியம் எதுவும் இல்லாமல் இதைச் செய்துவரும் பொறுப்பாசிரியைக்கு விசேட நன்றி.

அடுத்த ஆண்டுச் செயலாளர் பதவிக்கு இதுவரை ஒரு வேட்புமனுவும் வரவில்லை. நான் மீண்டும் நிற்பதாகச் சொல்லவில்லை, நிற்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடிதங்களை வாசித்து, ஸ்கான் செய்து, அடுக்கி, தபாலில் சேர்க்க ஆண்டுக்கு மூன்று சனிக்கிழமை இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பெயர்களும் இன்று கிடைத்தால் மற்றதைப் பிறகு பேசலாம்.

தரம் 11 பிள்ளைகளின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச் 17இல் தொடங்குகிறது, ஆறு பிள்ளைகள் எழுதுகிறார்கள். நமது உறை போய்ச் சேர மூன்று முதல் ஐந்து கிழமை எடுக்கிறது. அதனால் பெப்ரவரித் தொகுதி இன்றே, 8ஆம் திகதியே, முடிகிறது. திங்கட்கிழமை தபாலில் போகும். பின் மேசையில் தாளும் போல்பொயின்ற் பேனாவும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் கடைசிக் கடிதத்தின் பிரதியும் தரவாரியாக அடுக்கி இருக்கிறது. மண்டபத்தை ஒன்பது மணிக்குப் பூட்ட வேண்டும்.

செயலாளர்