டூ ஆர் டை இல்ல மலரு, டூ அண்ட் டை

அன்பு மலருக்கு,

சித்திதான் எழுதுறேன். ஆங்கிலக் கவிஞர் டென்னிசனோட "தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்" கவிதை பத்தி நீ அனுப்புன அசைன்மென்ட்ட நேத்து ராத்திரி படிச்சேன். நல்லா எழுதியிருக்க, ஆனா "சிப்பாய்னா கேள்வி கேக்கக்கூடாதுன்னு டென்னிசன் சொல்றார்"னு முடிச்சுட்டு, அதுக்கு ஆதாரமா "டூ ஆர் டை"னு மேற்கோள் போட்டிருக்க பாரு, அங்க எனக்கு மனசு கேக்கல.

கவிதைய எடுத்து இன்னொரு தடவ பாரு. அங்க "ஆர்" இல்ல, "அண்ட்". 1942ல காந்தி சொன்ன "செய் அல்லது செத்து மடி" நம்ம காதுல ஊறிப்போனதால கை தானா அப்படி எழுதிடுது. "அல்லது"ன்னா ஒரு வாசல் திறந்திருக்கு, ஜெயிச்சா பொழச்சுக்கலாம். "அண்ட்"ல வாசலே கிடையாது, செய்யணும், சாகணும், அவ்ளோதான். இத வாழ்த்துன்னு எடுத்துக்க என்னால முடியல.

நடந்தது என்னன்னு தெரிஞ்சா இன்னும் புரியும். 1854 அக்டோபர் 25, கிரிமியாவுல பாலக்ளாவா, ரஷ்யாவோட போர். பிரிட்டிஷ் தளபதி ராக்லன் மேட்டு மேல நிக்கிறார், அங்கருந்து பாத்தா ரஷ்யாக்காரங்க பிடிச்ச பீரங்கிகள இழுத்துட்டுப் போறது தெரியுது, அத தடுங்கன்னு ஒரு சீட்டு எழுதி அனுப்புறார், ஆனா கீழ பள்ளத்துல இருக்குற குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு அந்த பீரங்கி கண்ணுக்கே தெரியல. எந்த பீரங்கின்னு கேட்டதுக்கு, சீட்டு கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை நீட்டிக் காட்டுனதுல தெளிவே இல்ல. கடைசில பள்ளத்தாக்கோட அந்தக் கோடியில இருந்த வேற பீரங்கி வரிசைக்கு நேரா சுமார் 670 பேர் குதிரையில போனாங்க. கிட்டத்தட்ட 110 பேர் செத்தாங்க, 160 பேருக்குக் காயம். நோலனும் ஆரம்பத்துலயே விழுந்துட்டார்.

டென்னிசன் இத நியூஸ்பேப்பர்ல படிச்சுட்டுத்தான் எழுதுனார், டிசம்பர்லயே அச்சுல வந்துடுச்சு. முதல் வரிய வாய்விட்டுப் படி: ஹாஃப் எ லீக், ஹாஃப் எ லீக். நம்ம கூவிளம், கூவிளம் மாதிரியே ஓடும். மேசையில விரலால தட்டிப் பாரு, குதிரை கிளம்பிடும், நடுவுல நிறுத்தவே முடியாது. அவங்களாலயும் முடியல, இல்லையா?

"மரணப் பள்ளத்தாக்கு"ன்னு வருதுல்ல, அது 23ம் சங்கீதத்துல இருந்து வருது. "மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்"னு நம்ம தமிழ் பைபிள்ல இருக்கே, அதேதான். சங்கீதத்துல அடுத்ததா "தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்"னு வரும். கவிதையில பள்ளத்தாக்கு மட்டும் இருக்கு, கூட வர்றவர் இல்ல. வலப்பக்கம் பீரங்கி, இடப்பக்கம் பீரங்கி, எதிர்லயும் பீரங்கி, இவங்க கையில வாள்.

ஒவ்வொரு பத்தியும் முடியிற "அறுநூறு பேர்" எப்படி மாறுதுன்னும் கவனி. முதல்ல அறுநூறு பேர் போறாங்க. திரும்பி வரும்போது "அறுநூறு பேர் இல்ல"ன்னு வரும், அந்த இடத்துல எனக்கு எப்பவும் தொண்டை அடைச்சுக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். "யாரோ தப்பு பண்ணிட்டாங்க"ன்னு ரெண்டாவது பத்தியில ஒரு வரி வருதுல்ல, அது சிப்பாய்க்கும் தெரியும்னு கவிதையே சொல்லுது. தெரிஞ்சேதான் போறாங்க. நீ எழுதுன "கண்மூடித்தனமான கீழ்ப்படிதல்" அதனாலதான் பொருந்தாது, அவங்க கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. 1855ல புத்தகமா வந்தப்போ டென்னிசன் அந்த வரிய எடுத்துட்டார். அப்புறம் அதே வருஷம் கிரிமியாவுல இருந்த சிப்பாய்ங்க அந்தக் கவிதைய விரும்பிப் படிக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் அவங்களுக்குன்னே தனித்தாள்ல அச்சடிச்சு அனுப்புனார், அந்தத் தாள்ல அந்த வரி திரும்ப வந்துடுச்சு. ஊர்ல புத்தகம் படிக்கிறவங்களுக்கு இல்லாம போன வரி, சாவுக்குப் பக்கத்துல இருந்தவங்க கைக்குப் போச்சு.

இத வச்சு உன் கடைசி பாராவ மறுபடி எழுதி, சமர்ப்பிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பு. அந்த "ஆர்"ர மட்டும் இன்னிக்கே அழிச்சுடு கண்ணு.

அன்புடன்,
சித்தி