பட்டறைக்கு சோலார்: 15.06.2025 ஞாயிறு கூட்டம்

வணக்கம். மில், பலகாரம், ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்துவோர் கவனத்துக்கு.

காலை 10 மணி, காரைக்குடி, நம்ம சங்கக் கட்டடம்.

1. மத்திய அரசின் 'பிஎம் சூர்யா கர்' சோலார் மானியம் (ரூ.78,000 வரை) வீட்டு இணைப்புக்கு மட்டுமே. பட்டறைக்கு வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

2. நமக்கு உள்ளது வருமான வரிக் கணக்கில் 40% தேய்மானக் கழிவு (சோலார் விலையில் அந்தப் பங்கைச் செலவாக லாபத்தில் கழிப்பது). சோலார் போட்ட நிதியாண்டில் அது 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் முதல் வருடம் 20%தான். வாங்கிய பில் தேதி உதவாது; முழு 40% வேண்டுமானால் செப்டம்பருக்குள் சோலார் மின்சாரம் வந்திருக்க வேண்டும். மீட்டருக்கே பல வாரம் இழுக்கும், இப்போதே தொடங்குங்கள். விற்பனையில் 8% லாபம் என்று உத்தேசமாகக் கணக்குக் காட்டுவோருக்கு இந்தக் கழிவு தனியாகக் கிடையாது. ஆடிட்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

3. கொண்டுவர: உத்யம் சான்று (சிறுதொழில் பதிவு), 12 மாத கரண்ட் பில்.

வருவோர் வெள்ளிக்குள் பெயர், இணைப்பின் கிலோவாட் பதிவிடவும். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.