காற்று ஏறினால் கயிற்றை விட்டுவிடு

அன்புள்ள மகன் ஜெரோமுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்ல சுகம். கச்சான் காற்று வலுத்துவிட்டது, நாலு நாளாக வத்தை எதுவும் கடலில் இறங்கவில்லை. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. ஓடு மாற்றுகிற வேலை பாதியில் நிற்கிறது, அதை அம்மா சொல்வாள்.

நான் எழுத உட்கார்ந்தது உன் பாய்வண்டி விஷயமாக. பெல்ஜியத்தில் அந்த டி பன்னே கடற்கரையில் நீ ஓட்டுகிற வீடியோவை ஜெனியின் போனில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மூன்று சக்கரம், காற்றைப் பிடிக்க ஒரு பாய், அடியில் நீ மல்லாந்து கிடக்கிறாய். காலால் திருப்புகிறாய், கையில் ஒரே ஒரு கயிறு. தலைக்கவசம் போட்டிருக்கிறாய், அது சரி. 14ஆவது நொடியில் காற்றுப் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்புகிறது. அந்த இடத்தில்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். அதற்கப்புறம் வீடியோ முடிந்துவிடுகிறது.

போன மூன்று ஞாயிறும் போனில் பேசும்போது, இடது கைப் பழக்கமுள்ள நீ வலது கையால் டீ குடித்தாய். அம்மா கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காற்று ஏறினால் கயிற்றை விட்டுவிடு, ராசா.

இந்த வண்டியின் கதையைத் தேடி வாசிக்கச் சொல்லி ஜெனியைப் பிடித்து உட்காரவைத்தேன். 1600 வாக்கில் ஹாலந்தில் சைமன் ஸ்டெவின் என்ற கணக்கு மேதை இளவரசர் மோரிஸுக்காகப் பெரிய பாய்வண்டி ஒன்று செய்திருக்கிறார். ஷெவனிங்கனிலிருந்து பெட்டன் வரை கடலோரமாகவே 28 பேர் அதில் ஏறிப் போனார்களாம். இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், குதிரைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. உன் டி பன்னேயில் 1898இல் டுமோன் சகோதரர்கள் இதை விளையாட்டாகத் தொடங்கியிருக்கிறார்கள். கடல் வற்றும்போது அங்கே கரை அகன்று, ஈர மணல் தளம் போட்டதுபோல இறுகிக் கிடக்குமாமே. நம் கரையில் ஓட்டினால் சக்கரம் புதைந்துவிடும்.

காற்றைவிட வேகமாகப் போகும் என்று அவள் வாசித்தபோது நான் நம்பவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். வத்தையைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். இறுகின மணல் சக்கரத்தை அப்படி இழுக்காது. வண்டி ஓட ஓட எதிர்க்காற்று ஒன்று உண்டாகும், அதுவும் இருக்கிற காற்றோடு சேர்ந்து பாயில் ஏறும். வேகம் கூடக் கூடப் பாயில் காற்றும் கூடும். 2022இல் க்ளென் ஆஷ்பி என்பவர் ஆஸ்திரேலியாவில் காய்ந்த உப்பு ஏரி ஒன்றின் மேல் மணிக்கு 222 கிலோமீட்டர் போயிருக்கிறார். அன்றைக்கு அடித்த காற்று 40 கிலோமீட்டர் அளவுதான். இதை சங்கத்தில் சொன்னபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். என் மகனும் அங்கே ஓட்டுகிறான் என்றேன். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பயம் வந்துவிட்டது. அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது என்கிறாள் ஜெனி. கயிற்றைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும், வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக உனக்கு நேரமில்லை. ரயிலேறி அவ்வளவு தூரம் போய் இதை ஓட்ட மட்டும் நேரம் இருக்கிறது. சரி, ஓட்டு. ஆனால் சக்கரம் தூக்கினால் யோசிக்காதே, கயிற்றை விட்டுவிடு.

இப்படித் திரும்பத் திரும்ப எழுதுகிறேனே, அன்றைக்கு நான் சொன்னது இது இல்லை. குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம் காற்று சட்டென்று திரும்பியபோது ‘விடாதே, இழுத்துப் பிடி’ என்று கத்தியது நான்தான். நீ பிடித்தாய். 14 வயசு. உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறெல்லாம் ரத்தம், அப்போதும் நீ விடவில்லை. கரைக்கு வந்து, ‘பையன் நேரத்துக்குக் கயிற்றை விடவில்லை’ என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று இத்தனை வருஷமாக என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தேன். சவேரி மாமா காலுக்கு ஆனதற்கான பழி உன் தலையில் விழுந்தது. நீ வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் வத்தையில் கால் வைக்கவும் இல்லை. மகனுக்குப் படிப்பில்தான் நாட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ கடலை விட்டுப் போனது படிப்புக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். வீடியோவில் நீ பாயைப் பார்க்கிற பார்வையைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. நான் எழுந்தபோது, ‘ஜெரோம் எப்ப வாரான்?’ என்று மட்டும் கேட்டார்.

அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. ஜெனிதான் படம் பிடித்து அனுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. டீ போட்டுக் கையில் வைத்துக்கொண்டு பேசு.

இப்படிக்கு,
அப்பா