எஃப்டி போடப் போன எங்கம்மாவுக்கு வந்தது இன்சூரன்ஸ் பாலிசி, பணத்தத் திருப்பிக் குடுங்க

குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் சார். எங்கம்மாவுக்கு வயசு 61, மாட்டுத்தாவணி மார்க்கெட்ல விடியக்காலைல பூ எடுத்து தெக்கு மாசி வீதில கட்டி விக்கிறவங்க. சீட்டு எடுத்த 1 லட்சத்த எஃப்டி போடணும்னு ஏப்ரல் 21 பேங்குக்குப் போனாங்க, அங்க உங்க கம்பெனி ஆளு ஒருத்தர் உக்காந்துகிட்டு "எஃப்டிய விட இதுல கூட வரும்மா"ன்னு சொல்லி, கையெழுத்து வாங்கி, போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கிட்டாரு. வருசா வருசம் 1 லட்சம்னு 10 வருசம் கட்டணும்ங்கிறத அவரு வாயத் தொறந்து சொல்லவே இல்ல.

மே 27 தபால்ல பாலிசி கவர் வந்தப்பதான் எனக்கே விசயம் தெரியும். பிரிச்சுப் பாத்தா விண்ணப்பத்துல எங்கம்மா வருசத்துக்கு 6 லட்சம் சம்பாதிக்கிறதா எழுதியிருக்கு. ஒரு நாளைக்கு எத்தன மொழம் வித்தா 6 லட்சம் வரும்னு நீங்களே சொல்லுங்க சார். கையெழுத்து மட்டுந்தான் எங்கம்மாவோடது, மத்த எழுத்து பூராம் வேற ஆளு எழுதுனது.

பாலிசி கைக்கு வந்த நாள்லருந்து 30 நாளைக்குள்ள வேணாம்னு திருப்பிக் குடுக்கலாம், ஃப்ரீ லுக்குன்னு, இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ விதியே இருக்கு. நாங்க ஜூன் 4, அதாவது 9வது நாளே லெட்டர் குடுத்து சீல் வாங்கிட்டோம். நீங்க ஜூன் 12 அனுப்புன பதில்ல, ஏப்ரல் 24ம் தேதியே ஈமெயில்ல பாலிசி அனுப்பியாச்சு, டைம் முடிஞ்சுதுன்னு சொல்றீங்க. அந்த ஈமெயில் ஐடி யாரோடது சார்? எங்கம்மாகிட்ட இருக்கது பட்டன் போன், ஈமெயிலே கெடையாது. உங்க ஆளு அவரே ஒரு ஐடிய எழுதி வெச்சுட்டு, அதுக்கு அனுப்புனத எங்களுக்கு வந்ததா கணக்கு வெச்சா எப்படி?

எஃப்டின்னா வட்டி எவ்வளவு, என்னைக்கு முடியுதுன்னு போட்டு ரசீது குடுத்துருப்பாங்க, பேங்குல 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் இன்சூரன்ஸும் உண்டு, அந்த நிம்மதிக்காகத்தான் எங்கம்மா அவ்வளவு தூரம் நடந்து போனாங்க. இப்ப ராத்திரி பூ கட்டும்போதுகூட "காசு போச்சாடி"ன்னு கேட்டுகிட்டே இருக்காங்க, எனக்குப் பதில் சொல்ல முடியல.

பாலிசிய ரத்து பண்ணி, விதிப்படி ஸ்டாம்ப் செலவு, அத்தன நாள் காப்பீடு இருந்ததுக்கான ரிஸ்க் பிரீமியம் போக மிச்சத்த அம்மா அக்கவுண்ட்ல போடுங்க. அடுத்த வருசம் தானா பணம் எடுக்குற ஆட்டோ டெபிட்ட நிறுத்தச் சொல்லி பேங்குலயும் எழுதிக் குடுத்துட்டோம். விண்ணப்பத்துல அந்த ஈமெயில் ஐடிய யாரு எழுதுனாங்கன்னு விசாரிச்சு எழுத்துல பதில் வேணும். ஒரு மாசத்துக்குள்ள சரியான பதில் வரலைன்னா ஐஆர்டிஏஐயோட புகார் வெப்சைட்டான பீமா பரோசாவுலயும், இன்சூரன்ஸ் புகார விசாரிச்சுத் தீர்க்குற சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்டயும் புகார் குடுப்போம், அதுக்கு ஃபீஸும் இல்ல வக்கீலும் தேவையில்ல.

தபால் கவர் போட்டோ, சீல் போட்ட லெட்டர், பாஸ்புக் பக்கம் மூணும் இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரரோட மகள்,
மதுரை