குழாயைத் திறந்துவிட்டுப் பேசியவள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் எழுத வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது தெரிந்து நிம்மதி.

கொரோனாவுக்காகத் தொடங்கிய மனநல இரவு ஹெல்ப்லைனை வைத்துக்கொண்டு, நோயாளிகளின் வீடு தேடிப் போகும் குழுவைக் கலைத்துவிடலாம் என்கிறார்களாமே உங்கள் நிர்வாகத்தில். "எல்லாம் போனிலேயே நடக்கிறதே" என்றார்களாம். மூன்று வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், எல்லாம் நடக்காது.

ஊரடங்கின் முதல் வாரங்களில் அழைப்புகள் குவியும் என்று ஆட்களைக் கூட்டி வைத்துக் காத்திருந்தோம். சில ராத்திரி போன் அடிக்கவே இல்லை. வீடு நிறைய ஆள் இருக்கும்போது யார் எங்கே போய்ப் பேசுவார்கள்? இது எங்களுக்கு உறைக்கவே நாளாயிற்று. ஒருநாள் ஒரு பெண் பேசினாள். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம், அவள் சொன்னது பாதி காதில் விழவில்லை. "கொஞ்சம் குழாயை மூடுங்களேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "மூடினால் வெளியே கேட்டுவிடும்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் முதல் கேள்வியை மாற்றினோம். "இப்போது தாராளமாகப் பேச முடியுமா? முடியாதென்றால் நான் கேட்கிறேன், நீங்கள் ஆமாம், இல்லை மட்டும் சொல்லுங்கள்." குறுஞ்செய்தியிலும் பேசலாம் என்று ஏற்பாடு செய்ததும் இளவயதுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். புதிய தன்னார்வலர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கடினமாக இருந்தது ஒன்றுதான்: தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது. நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயந்தார்கள். கேட்பதால் அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டதும் மறுமுனையில் மூச்சு இளகுவதை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

ஆனால் போன், மறுமுனையில் இருப்பவர் சொல்வதை மட்டும்தான் நமக்குத் தரும். மனச்சிதைவுக்கு (இல்லாத குரல் கேட்பது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்று பயப்படுவது போன்றவை வரும் நோய்) மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவரை வாரம் தவறாமல் அழைத்தோம். "நன்றாக இருக்கிறேன்" என்பார், வைத்துவிடுவார். வெளிநோயாளிப் பிரிவு கொரோனா வார்டாக மாறியதில் இரண்டு ஊசி தவறியிருந்தது. எங்கள் செவிலியர் நேரில் போனபோதுதான் தெரிந்தது: ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. முகக்கவசமும் பிளாஸ்டிக் முகத்திரையுமாக நின்றவரைப் பார்த்து அவர் கதவைத் திறக்கவில்லை. மறுமுறை செவிலியர் தன் புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு நெஞ்சில் மாட்டிக்கொண்டு போனார், "இதுதான் என் முகம்" என்று தள்ளி நின்று காட்டினார். மூன்றாவது முறை கதவு திறந்தது. ஊசியும் போட்டாயிற்று.

இது ஒருவர் கதை என்று சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 130 நாடுகளில் விசாரித்ததைக் காட்டு. 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநல சேவை ஏதாவது ஒன்று தடைப்பட்டிருந்தது. மனநோய், நரம்புநோய் மருந்துகள் கிடைப்பதில் தடை என்றவை சுமார் 30 சதவீதம். போன், வீடியோ வழிச் சிகிச்சைக்குப் போனவை 70 சதவீதம். அதிலும் பணக்கார நாடுகளில் 80க்கு மேல், ஏழை நாடுகளில் 50க்கும் கீழே. என்னைத் தூங்கவிடாத கணக்கு இன்னொன்று. கொரோனா திட்டத்தில் மனநலமும் உண்டு என்றவை 89 சதவீதம், அதற்கு வேண்டிய கூடுதல் பணத்தை முழுமையாக ஒதுக்கியவை 17 சதவீதம். அந்தப் பணம் வராததால் வெறும் கையோடு வீடு வீடாகப் போனவர்களைத்தான் இப்போது கலைக்கப் பார்க்கிறார்கள்.

மருத்துவர்கள் போதாது என்றும் சொல்வார்கள். ஜிம்பாப்வேயில் 2006 முதல் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பிரச்சினையைப் பிரித்துப் பார்க்க உதவுகிறார்கள். அதனால் மனச்சோர்வு குறைகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் குழுவில் இருக்கிறவர்களும் அப்படிப்பட்டவர்கள்தானே? ஒரு மருத்துவர் பின்னால் நின்றால் போதும், கதவைத் தட்டுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கூட்டத்துக்குப் போகும்முன் ஒரு வேலை செய். ஊசிப் பதிவேட்டை எடுத்து, தேதி தவறியவர்களில் எத்தனை பேர் போனில் "நன்றாக இருக்கிறேன்" என்றார்கள், வீட்டுக்குப் போனபோது என்ன கண்டீர்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி எடுத்துப் போ. பெயர் வேண்டாம். வியாழக்கிழமை எனக்கு ராத்திரி ஷிஃப்ட் இல்லை, கூப்பிடு. இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதுவோம்.

உன் தோழி