கீறல் என்று எழுதிவிட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிலிக்கன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் துகள் கலந்த அலுமினியத் தட்டு ஒன்று குண்டு பாய்ந்து கிழிந்ததைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தேன். "மோதிய சூட்டில் உலோகம் உருகிக் கிழிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உடைந்த உலோகத் துண்டுகளைத் தேய்த்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே முப்பத்தோரு ஆண்டுகள் என் பிழைப்பு. அந்த வரி உறுத்தியதால் எழுதுகிறேன்.

இப்படி ஒரு தட்டு முதன்முதலாக என் மேசைக்கு வந்தபோது நானும் ஏமாந்தவள்தான். பேக்கலைட் பிசினில் பதித்து, எமரி தாளில் தேய்த்து, வைரப் பசையில் மெருகேற்றிப் பார்த்தால் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. இந்தத் துகள்கள் பொல்லாதவை. ஒன்று பெயர்ந்து வந்தால் போதும், பரப்பையே கிழித்துவிடும். பதிவேட்டில் 'கீறல்' என்று எழுதிவிட்டு மறுபடி தேய்த்தேன். கோடு போகவில்லை. மூன்றாம் முறையும் அதே இடம், அதே சாய்வு. பிறகுதான் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றியது. வரிவரியாகக் கிடந்த துகள்கள் அந்தக் கோட்டை நெருங்க நெருங்க வளைந்து, ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் இழுபட்டிருந்தன. கோட்டுக்குள் துகள்கள் நொறுங்கியிருந்தன. அகலம் ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. நெளிவெல்லாம் ஒரே மெல்லிய படலத்தில் குவிந்து, இரு பக்கமும் எதிரெதிராக வழுக்கிய தடம் அது. ஷியர் பேண்ட், அதாவது வழுக்குப் பட்டை, என்பது அதுதான். பதிவேட்டில் 'கீறல்' என்பதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.

உலோகத்தை நெளிக்கச் செலவாகும் வேலையில் பெரும்பகுதி, சுமார் 90 விழுக்காடு, சூடாக மாறும். டெய்லரும் குவின்னியும் 1934-லேயே அளந்து காட்டியது இது. மெதுவாக நெளித்தால் சூடு பரவிப் போய்விடும். குண்டு பாயும் வேகத்தில் அதற்கு நேரம் ஏது? ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், சூட்டை நன்றாகக் கடத்தும் அலுமினியத்திலேயே அது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் நகரும். டைட்டானியத்தில் அதைவிடவும் குறைவு. நெளிய நெளிய உலோகம் இறுகும், சூடேற ஏறத் தளரும். எந்த மெல்லிய படலத்தில் தளர்ச்சி முந்துகிறதோ, மீதி நெளிவு முழுவதும் அங்கேயே போய்ச் சேரும். அதனால் இன்னும் சூடு, இன்னும் தளர்ச்சி. இதற்கு உருக வேண்டியதே இல்லை. அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும். கடினமாக்கிய அலுமினியக் கலவைகளோ 200 டிகிரிக்குள்ளேயே பலம் இழக்கத் தொடங்கிவிடும்.

1878-இல் பிரெஞ்சுப் பொறியாளர் த்ரெஸ்கா, ஆறிக்கொண்டிருந்த பிளாட்டினக் கட்டியை நீராவிச் சம்மட்டி அடித்தபோது அதன் பக்கத்தில் பெருக்கல் குறி போல இரு கோடுகள் செந்நிறமாக ஒளிர்ந்ததை எழுதி வைத்தார். ஒளிர்ந்ததே தவிர உருகி ஓடவில்லை.

கட்டுரை தொடாமலே விட்டது துகள்களின் பங்கை. அவை நெளியாது. சுற்றியுள்ள அலுமினியம்தான் இடுக்குகளில் பிதுங்கிப் போக வேண்டும். துகளின் கூரிய முனைகளில் நெளிவு பல மடங்காகிறது, சூடும் அங்கேதான் முதலில் ஏறுகிறது. பட்டை உருவானதும் துகள்கள் உடைந்தோ அலுமினியத்தை விட்டுப் பிரிந்தோ குழிகள் விடும். குழிகள் சேர்ந்தால் விரிசல். பலம் கூட்டச் சேர்த்த அதே துகள், வேக அடியில் பட்டைக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. துகளைப் பொடியாக்கினால் தப்பிக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சேர்க்கும் அளவை மாற்றாமல் துகளை மட்டும் சிறிதாக்கினால் பட்டை இன்னும் எளிதாக உருவாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

'சாதாரண அலுமினியத்தைவிட பலமானது' என்று கட்டுரை சொல்வது எந்த வேகத்தில் அளந்த பலம்? மெதுவாக இழுக்கும் எந்திரத்திலா, வேகமாக அடித்துச் சோதிக்கும் ஹாப்கின்சன் கம்பிக் கருவியிலா? திருத்தம் போடும்போது அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகவியல் ஆய்வகப் பணியாளர்