சூட்டில் முளைக்க மறுக்கும் விதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தாவரவியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். என் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை, முட்டி வலி கொஞ்சம் தேவலை, இன்னும் அதே விதைப் பரிசோதனைக் கூடத்தில்தான் இருக்கிறேன். கடும் சூட்டில் விதை முளைக்காவிட்டால் அது வெந்து செத்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாயே, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

பெரும்பாலும் சாவதில்லை. சாலட்டில் போடும் லெட்டூஸ் கீரையையே எடுத்துக்கொள். ஈரத் தாளில் விதையைப் பரப்பி 35 டிகிரியில் வைத்தால் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொண்டு அப்படியே கிடக்கும். அதே தட்டை 20 டிகிரிக்கு மாற்று, ஓரிரு நாளில் நுனியில் வெள்ளையாக முளைவேர் எட்டிப் பார்க்கும். (ரொம்ப நாள் சூட்டிலேயே விட்டால் கதை வேறு, ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும், அப்புறம் குளிர்ச்சியில் வைத்தாலும் லேசில் எழாது.) தெம்பு இல்லாமலும் இல்லை. கருவைப் போர்த்தியிருக்கும் மெல்லிய முளைசூழ்தசையைப் பிளேடால் லேசாகக் கீறிவிட்டால் அந்தச் சூட்டிலேயே பல விதைகள் முளைத்துவிடுகின்றன.

தடுப்பது அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன். ஊறிய விதையில் வழக்கமாக அது குறைந்துகொண்டே வரும், சூட்டில் குறையாமல் நிற்கிறது. புளூரிடோன் என்ற களைக்கொல்லி அந்த அமிலம் உருவாகும் பாதையை மேலேயே அடைத்துவிடுகிறது, அது கலந்த நீரில் ஊறிய விதை சூட்டிலும் முளைக்கும். ஆனால் வரும் நாற்று வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும், ஏனென்றால் கரோட்டினாய்டுகளும் அதே பாதையில்தான் உருவாகின்றன, அவை இல்லாமல் பச்சையம் வெளிச்சத்தில் நிற்காது.

சரி, மரபணுவுக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கென்ட் பிராட்போர்டின் குழு, சாலினாஸ் என்ற பயிர் ரகத்தையும் சூட்டில் தயங்காமல் முளைக்கும் ஒரு காட்டு லெட்டூஸையும் கலப்பு செய்து, அவற்றின் சந்ததிகளில் எவை சூட்டில் முளைக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனது. 6ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் வந்து நின்றார்கள். அங்கே இருந்தது என்சிஇடி4, அப்சிசிக் அமிலத் தயாரிப்பின் முக்கியமான படியைச் செய்யும் நொதிக்கான மரபணு. சாலினாஸ் விதையில் சூடு பட்டதும் அது முடுக்கிவிடப்படுகிறது, காட்டு வகையில் அப்படி இல்லை. 2013இல் வந்த கட்டுரையில் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதிதான்: இந்த ஒரு மரபணுவை அடக்கினால் விதை சூட்டில் முளைக்கிறது, ஆனால் விதை உருவாவதோ செடி நெருக்கடியைத் தாங்குவதோ கெடுவதில்லை. இப்படிச் சுத்தமாகப் பிரிந்து கிடைப்பது அபூர்வம். டாக்1 என்ற இன்னொரு மரபணுவைப் பார், அதை அடக்கினாலும் சூட்டில் முளைக்கும், ஆனால் பூக்கும் காலமும் சேர்ந்து மாறிவிடுகிறது.

இதையெல்லாம் வெப்பத்தைத் தாங்கும் விதை என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. என்சிஇடி4ஐ அடக்கினால் போவது விதையின் முன்ஜாக்கிரதை. கோடையில் ஒரு மழையை நம்பி முளைத்தால் நாற்று காய்ந்துதான் போகும், அதற்காகத்தான் அது காத்திருக்கிறது. நாம் தண்ணீர் பாய்ச்சும் வயலில் அந்த ஜாக்கிரதை தேவையில்லை, ஆகவே எடுத்துவிடலாம். ஆனால் முளைத்த பிறகு சூட்டில் பிழைப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் எச்எஸ்பி101 என்ற புரதம் உண்டு, சூட்டில் சுருண்டு ஒட்டிக்கொண்ட மற்றப் புரதங்களைப் பிரித்தெடுக்கும் புரதம். விதை முற்றும்போதே அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அது இல்லாத செடி சாதாரண நாளில் நன்றாகத்தான் வளர்கிறது, 38 டிகிரியில் கொஞ்ச நேரம் பழக்கிவிட்டு 45க்கு ஏற்றினால் மற்றவை பிழைக்கும், இது பிழைக்காது. ஒன்று புறப்படலாமா என்ற முடிவு, மற்றது போகும் வழியில் உயிரோடு இருப்பது. ஒன்றைத் திருத்திவிட்டால் மற்றது தானாக வந்துவிடாது.

அவள் கல்லூரியில் இன்குபேட்டர் இருந்தால் லெட்டூஸ் விதையில் இரண்டு தட்டு வைத்துப் பார்க்கச் சொல், சூட்டில் வைத்ததை மூன்று நாளுக்குப் பிறகு குளிர்ச்சிக்கு மாற்றட்டும். எத்தனை முளைத்தது என்று எனக்கு அவளே எழுதட்டும், உன் கையெழுத்தைப் படிக்க எனக்கு இனிமேல் கண் ஒத்துழைக்காது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்